காலைக் காட்டு

"மாப்பிள்ளை கையில மட்டும் மைக்கைக் குடுத்துடாதேடா" என்று அத்தை காதைக் கடித்தாள்.

பெரியவனுக்கும் அதே பயம்தான்.

அப்பா போய் ஒரு மாதம் ஆகிறது. கூடம் நிறைய நாற்காலிகள், எதிரே அவர் படம். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பட்டாளத்தாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தெருவில் அப்பாவுக்கு அதுதான் பெயர்.

சொல்வதற்கும் நிறைய இருந்தது. தொண்ணூறைத் தாண்டிய மனுஷர். போரில் குண்டு பட்டு இரண்டு விரலை விட்டுவிட்டு வந்தவர். மிச்ச விரல்களை வைத்துக்கொண்டு பஸ் டிப்போவில் டயர் மாற்றினார், மகளுக்குத் தலை பின்னிவிட்டார். அம்மா படுக்கையில் விழுந்த வருஷங்களில் ஆள் வைக்கக்கூட விடவில்லை. குளிப்பாட்டியது, ஊட்டியது எல்லாம் அவரேதான்.

போர்க்கதை ஒன்றுகூடச் சொன்னதில்லை. மெடலைப் படத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமென்று வீட்டைக் குடைந்தார்கள். தையல் பெட்டியில் பொத்தான்களோடு கிடந்தது.

இப்போது பேசிக்கொண்டிருந்தவர் அப்பாவின் பழைய கூட்டாளி, ரேடியோ என்று பட்டப்பெயர். பட்டாளத்தில் வயர்லெஸ் பார்த்தவர். அங்கே சுருக்கமாகப் பேசியதற்கெல்லாம் சேர்த்து இங்கே வட்டி போட்டுப் பேசுகிறான் என்பார் அப்பா.

"கால்ல குண்டு பட்ட என்னை முதுகுல தூக்கிக்கிட்டு மலையிறங்கினான். வழி பூரா என்கிட்ட அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான். வாயை மூடு."

கூடம் சிரித்தது. பெரியவன் சிரிக்கவில்லை. அவன் கண் மாப்பிள்ளை மேலேயே இருந்தது.

தங்கையின் புருஷன். கல்யாணமானதிலிருந்து அதே வீட்டில்தான் வாசம். ஆபீஸில் நாற்காலி வேலை. அதிர்ந்து பேசத் தெரியாதவர். அப்பா நெடுக நேராக நடந்தவர், இவர் விஷயத்தில் மட்டும் சறுக்கிவிட்டார்.

பல வருஷத்துக்கு முன்னால், தங்கை பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த சமயம் அது. சாயங்காலமானால் அப்பா வாசலில் ஸ்டூலைப் போட்டு பிரஷ்ஷோடு உட்கார்ந்துவிடுவார். மாப்பிள்ளை அவரைத் தாண்டி உள்ளே போக முடியாது.

"அங்கேயே நில்லு. ஷூவைக் கழட்டு. காலைக் காட்டு."

தெருவே வேடிக்கை பார்க்கும். மாப்பிள்ளை படியில் உட்கார்ந்து வெறுங்காலை நீட்டுவார். அப்பா குதிகாலை அழுத்திப் பார்ப்பார். விரல்களைப் பிரித்துப் பார்ப்பார். அப்புறம் ஷூவைக் கவிழ்த்து அடியைத் தேய்க்க ஆரம்பிப்பார். வீட்டுக்குள் மண்ணைக் கொண்டுவந்து கொட்டுகிறான் என்று உறுமல் வேறு.

பெரியவன் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டே விட்டான்.

"அவர் என்னப்பா உங்க சிப்பாயா? வீட்டு மாப்பிள்ளை."

"நடக்கிறவனுக்குக் காலைத்தான் முதல்ல பாக்கணும். உனக்குத் தெரியாது. போ."

பட்டாளப் புத்தி, திருந்தாது என்று விட்டுவிட்டான்.

மாதக்கணக்கில் நடந்தது இந்தக் கூத்து. கடைசியில் ஒருநாள் அப்பா ஷூவைக் கவிழ்த்து ஒரு பார்வை பார்த்தார். தேய்க்கவில்லை. பிரஷ்ஷை மாப்பிள்ளை கையில் திணித்து, "இனிமே நீயே துடைச்சுக்கோ" என்று விருட்டென்று உள்ளே போய்விட்டார். அதோடு சரி. அந்த ஸ்டூல் மறுபடி வாசலுக்கு வரவில்லை. கட்டிக் கொடுத்த இடத்தில் அப்படி என்ன கோபமோ என்று அத்தை இன்றுவரை சொல்லிக் காட்டுவாள்.

ரேடியோ ஒருவழியாக ஓய்ந்தார். உட்காரும்போது மைக்கைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் நீட்டினார். அது மாப்பிள்ளை.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மாமா தினம் என் காலைப் பார்த்தது உங்க எல்லாருக்கும் தெரியும்" என்று தொடங்கினார் மாப்பிள்ளை.

பெரியவன் பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருங்க மச்சான். பயப்படாதீங்க."

அந்த வருஷம் அவருடைய கம்பெனியை மூடிவிட்டார்களாம். தங்கைக்கு அப்போது ரத்த அழுத்தம். மனசு கலங்கும்படி எதுவும் அவள் காதில் விழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் வீட்டில் மூச்சு விடவில்லை. இஸ்திரி சட்டையோடு ஆபீஸுக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, ஊரின் மறுகோடியில் கட்டட வேலைக்குப் போயிருக்கிறார். செங்கல் சுமக்க.

"சட்டையை அங்கேயே மாத்திக்குவேன். ஷூவுக்கு மாத்து இல்லை. அடியெல்லாம் சிமெண்ட்டும் செம்மண்ணும் அப்பியிருக்கும். முதல் நாளே மாமா பாத்துட்டார். இவ கண்ணுல படறதுக்குள்ள துடைச்சு வெச்சுட்டார். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை."

தங்கை புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கே இது புதுசு.

"ஆபீஸ் ஷூவோட சுமை தூக்கினா குதிகால் புண்ணாயிடும். அதைத்தான் தினம் தேடினார். மறுநாள் காலையில ஷூவுக்குள்ள காய்ஞ்ச சோப்பைத் தேய்ச்சு வெச்சிருப்பார், கடிக்காம இருக்க. பட்டாளத்துல அப்படித்தான் பண்ணுவாங்களாம்."

ரேடியோ பேசாமல் தலையாட்டினார்.

அத்தை மட்டும் விடவில்லை. "அதெல்லாம் சரிப்பா. அப்புறம் எதுக்கு அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரி பிரஷ்ஷைத் திணிச்சுட்டுப் போனார்?"

மாப்பிள்ளை படத்தின் பக்கம் திரும்பினார்.

"எனக்குப் புது ஆபீஸ்ல வேலை கிடைச்ச நாள் அத்தை அது. நான் யார்கிட்டயும் இன்னும் சொல்லக்கூட இல்லை. ஷூவைத் திருப்பிப் பாத்தார். அடியில மண் இல்லை."