முதலில் எனக்கு!

"முதல்ல எனக்குப் பாருங்க டாக்டர். அவ வெயிட் பண்ணட்டும்."

சொல்லிவிட்டு ஜம்மென்று நாற்காலியில் ஏறி உட்கார்ந்துவிட்டார் அந்த மனிதர். நல்ல ஆஜானுபாகு. வெளியே பெஞ்சில் அவர் மனைவி கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு முனகிக்கொண்டிருந்தார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கிளினிக் திறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் எத்தனை விதமான ஆட்கள்! பல்லைப் பிடுங்குவதைவிட இவர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு.

"சார், அப்பாயின்ட்மென்ட் அவங்களுக்குத்தான். வலியும் அவங்களுக்குத்தான்."

"இருக்கட்டும். எனக்கும் கடைவாய்ப் பல் ஒண்ணு தொந்தரவு பண்ணுது. சட்டுபுட்டுன்னு முடிச்சு விடுங்க."

நர்ஸ் அக்கா என் காதருகே பொருமினார். "பொண்டாட்டி அங்க துடிக்கிறா, இவருக்கு வந்த அவசரத்தைப் பாருங்க. இவரெல்லாம் ஒரு மனுஷனா!"

பொருமிக்கொண்டே கதவைச் சாத்தப் போனார்.

"வேணாம்மா, தொறந்தே இருக்கட்டும்" என்றார் அவர்.

"ஏன் சார்?"

குரலைத் தாழ்த்தினார். "அவளுக்குப் பல் டாக்டர்னாலே உசுரு போயிடும். ரெண்டு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டா. 'முதல்ல நீங்க உங்க சொத்தைப் பல்லைக் காட்டுங்க, உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானும் காட்டறேன்'னு இன்னிக்கு ஒரே பிடிவாதம். நான் சிரிச்சுக்கிட்டே எந்திரிக்கிறதை அவ பார்க்கணும் டாக்டர்."

நர்ஸ் அக்கா கதவிலிருந்து கையை எடுத்துவிட்டார். எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. சே, அவசரப்பட்டு என்னவெல்லாம் நினைத்துவிட்டேன்!

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல்லுக்கு அடியில் சீழ் கட்டியிருந்தது.

"என்ன சார் இது, இதை வெச்சுக்கிட்டு எப்படிச் சாப்பிட்டீங்க? இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தாடை எலும்பையே அரிச்சிருக்கும். இதை எடுத்தே ஆகணும்."

"எ... எடுத்துடுங்க."

ஊசியைப் பார்த்ததும் மனிதருக்கு முகமெல்லாம் வெளிறிப்போயிற்று. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. ஆனாலும் வாசல் பக்கம் திரும்பித் திரும்பி ஒரு சிரிப்பு. பார்க்கவே பாவமாக இருந்தது.

ஒருவழியாகப் பல் வெளியே வந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்தியபடி வெளியே போனார். "ஒண்ணுமே இல்லடி, எறும்புக் கடிதான்" என்று குழறினார்.

அந்த அம்மா உள்ளே வந்தார். முதல் வேலையாகக் கதவைச் சாத்தினார்.

"பயப்படாதீங்கம்மா, மெதுவாத்தான் பார்ப்பேன். வாயைத் தொறங்க."

விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முத்து முத்தான பல். ஒரு சொத்தைகூட இல்லை.

"எந்தப் பல்லும்மா வலிக்குது?"

"எனக்கு ஒரு வலியும் இல்லம்மா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஊசின்னா காத தூரம் ஓடற மனுஷன். ராத்திரியெல்லாம் வலியில புரளுவார், கேட்டா ஒண்ணுமில்லைம்பார். தனக்குன்னா வர மாட்டார். எனக்குன்னா வந்துடுவார்."

நான் விளக்கை அணைக்கப் போனேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"சும்மா வெளிய போனா சந்தேகப்படுவார். கொஞ்சம் தள்ளி நில்லும்மா, ரெண்டு தடவை 'ஐயோ, அம்மா'ன்னு கத்திட்டுப் போயிடறேன்!"