இறங்கிய கைகள்

காலையில் எண்ணெய் ஊற்றப் போன செங்கமலம்தான் முதலில் பார்த்தாள். முன்மண்டபத்தில் பல நூறு வருஷமாக இரண்டு கைகளாலும் அகல் ஏந்தி நின்ற கல்பாவை, அகலைத் தரையில் வைத்துவிட்டுக் கைகளைத் தொங்கவிட்டிருந்தது.

கோயில் அதிகாரி ஸ்தபதியைக் கூட்டிவந்தார். அவர் தோளிலிருந்து விரல்வரை தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“யாரும் உடைக்கலை சார். அவங்களேதான் இறக்கியிருக்காங்க.”

“மறுபடி தூக்கி வைக்க முடியுமா?”

“அவங்களைத்தான் கேக்கணும்.” ஸ்தபதி கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

மண்டபம் நிறையப் பெண்கள். செங்கமலம் விளக்குக்குக் கொண்டுவந்த எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றிச் சூடேறத் தேய்த்தாள். பாவையின் முழங்கையைப் பிடித்து மெதுவாக நீவினாள்.

“இங்கதானே வலிக்குது?”