சுகாதார ஆய்வாளரின் நாய்

நாயின் ஊசி அட்டையை அவர் மறுபடியும் பிரித்துப் பார்த்தார்.

கடைசி முத்திரை இரண்டு வருடம் பழையது. விடிய விடியப் புரண்டு படுத்ததில் அது ஒன்றும் புதிதாகிவிடவில்லை.

புருனோ காலடியில் படுத்து வாலை ஆட்டியது. மகன் ஆசைப்பட்டு வாங்கிய நாய். மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனான், நாய் இவர் தலையில் விழுந்தது. கட்டிப் போட்டால் ஊளையிடுகிறது என்று பகலெல்லாம் அவிழ்த்து விட்டிருந்தார்.

அது பால்காரரைத் துரத்தியது. கொடியில் காய்ந்த சேலையை இழுத்துக் கிழித்தது. அடுத்தவர் வாசலாகப் பார்த்து அசிங்கம் செய்தது. தெருவில் யார் வந்து குறை சொன்னாலும், அது சாது, சும்மா விளையாடுகிறது என்பார். நாய் வளர்க்கிறவர்கள் வேறு என்ன சொல்லியிருக்கிறார்கள்?

நேற்று மாலை அந்தச் சாது எதிர்வீட்டு மைனாவதியின் மகளைக் கடித்துவிட்டது.

ஏழு வயதுக் குழந்தை. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு பல் பதிந்து ரத்தம் கசிந்தது.

மைனாவதி நடுத்தெருவில் நின்று கத்தினாள். கல்லை எடுத்து நாயின் மேல் ஓங்கினாள். நாலு வீட்டுக் கதவு திறந்தது. நாலு வீட்டு முகமும் அவரையே பார்த்தன.

அப்போதுதான் அந்தப் பொய் அவர் வாயில் வந்தது.

வருஷா வருஷம் தவறாமல் ஊசி போட்ட நாய். சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். ஒன்றும் ஆகாது.

தெரு அடங்கிவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் அடங்கியிருக்காது. அவர் முப்பத்தோரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காய்ச்சல் மாத்திரையைக்கூட அவரிடம் காட்டிவிட்டுத்தான் இந்தத் தெருவில் விழுங்குவார்கள். ஊசி போட்ட நாயே கடித்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள் என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மைக் பிடித்துச் சொன்னவர்.

தெரியாதவன் சொல்லியிருந்தால் அறியாமை. இவர் தெரிந்தே சொன்னார். நாலு பேர் முன்னால் தலை குனியக்கூடாது என்பதற்காக ஒரு குழந்தையின் உயிரைப் பணயம் வைத்திருந்தார்.

வாசல் கேட் கிறீச்சிட்டது.

மைனாவதிதான். கையில் ஒரு தட்டு. தேங்காய்ப்பால் ஊற்றிய சந்தகை, வாழை இலைத் துண்டால் மூடியிருந்தது. அவர் அட்டையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"நேத்து கோவத்துல என்னென்னமோ பேசிப்போட்டேனுங்க சார். மனசுல வெச்சுக்காதீங்க. ஊசி போட்ட நாயின்னு நீங்க சொன்னப்புறந்தான் எனக்கு உசுரே வந்துச்சுங்க."

அவர் தட்டை வாங்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, வாயில்லா ஜீவன் மேல் கல்லை ஓங்கியது தப்பு என்று அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டாள். கேட்டதோடு விடாமல் குனிந்து புருனோவின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

அதற்கு மேல் அவருக்குத் தாங்கவில்லை. கூனிக் குறுகிப் போனார்.

அட்டையை எடுத்து நீட்டினார்.

"ஊசி போடலம்மா. ரெண்டு வருஷமாச்சு. நேத்து நான் சொன்னது பொய். குழந்தையக் கூட்டிக்கிட்டு இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. நாயின் தலையிலிருந்த கை மட்டும் விலகியது.

கத்துவாள் என்று நின்றார். கத்தினால் தேவலை என்றிருந்தது. மறுபடியும் நாலு வீட்டுக் கதவு திறக்கட்டும், எல்லோரும் வந்து காறித் துப்பட்டும் என்றிருந்தது.

அவள் கத்தவில்லை.

"இப்பப் போட்டாப் போதுமுங்களா சார்?"

கேட்ட பிறகுதான், யாரிடம் கேட்டோம் என்பது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

போதும், தாமதிக்காமல் போட்டுவிட்டால் பயமில்லை, தவணை தவறாமல் எல்லா ஊசியையும் போட வேண்டும் என்று அவர் மளமளவென்று சொன்னார். அத்தனையும் உண்மை. அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. தட்டைப் படியில் வைத்துவிட்டு ஓடினாள்.

அவர் போட்டிருந்த பனியனோடு ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். நாலு உதை உதைத்துக் கிளப்பி அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

மைனாவதி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். ஸ்கூட்டரைத் தாண்டிப் போனாள். தெருவுக்குள் காலியாக வந்துகொண்டிருந்த ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினாள்.

ஏறுவதற்கு முன்னால் ஓட்டுநரிடம் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, நாய் கடிச்சு மறுநாள் ஊசி போட்டாக் கேக்குமுங்களா?"

ஆட்டோக்காரர் பின்னந்தலையைச் சொறிந்தார். தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார்.

தெரிந்தவர் பத்தடி தள்ளி ஸ்கூட்டரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.