மாசாமாசம் ரிப்பேர்

"மறுபடியும் பத்து நிமிஷம் ஸ்லோ!" என்று கணக்கு வாத்தியார் மணிக்கட்டைத் தட்டியதுதான் தாமதம், மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊர்ல இல்லாத வாட்ச்! ஒரே ஆள் உட்கார்ந்து கையாலேயே செஞ்சு தர்றார்னு எட்டு மாசம் தவம் கிடந்து வாங்கினீங்க. இப்ப மாசம் தவறாம ரிப்பேர். சனிக்கிழமை காலையில போனா சாயங்காலம்தான் வர்றீங்க. வீட்டு வேலை மொத்தமும் என் தலையில!"

"நுணுக்கமான வேலைம்மா... நேரம் ஆகும்."

"கழட்டுங்க. இன்னிக்கு நான் போறேன். நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வர்றேன்."

"ஐயோ, நீ வேண்டாம்!"

அவர் செருப்பைத் தேடுவதற்குள் அவள் வாட்சைப் பிடுங்கிக்கொண்டு தெருமுனையைத் தாண்டிவிட்டாள்.

மூணு மாடி. ஏறியதில் மூச்சு வாங்கியதே தவிர கோபம் இறங்கவில்லை. ஜன்னலோர மேஜையில், ஒரு கண்ணில் லென்ஸோடு உட்கார்ந்திருந்தார் கடிகாரக்காரர்.

"உங்க கைவேலை லட்சணம் இதுதானா? இந்தாங்க, நீங்களே வச்சுக்குங்க!"

அவர் வாட்சை வாங்கிப் பின்மூடியைத் திறந்து பார்த்தார். காதோரம் வைத்துக் கேட்டார்.

"இதுல ஒரு கோளாறும் இல்லம்மா. என்னிக்குமே இருந்ததில்ல."

"அப்ப அந்தப் பத்து நிமிஷம்?"

"ஒவ்வொரு தடவையும் சரியா பத்தே நிமிஷம். கெட்டுப்போன கடிகாரம் இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ணாதும்மா. சார்தான் முள்ளைத் திருப்பி வச்சுட்டு வர்றார்."

அவள் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"போன வருஷம் என் சம்சாரம் தவறிட்டா. கருவியைக்கூடத் தொடாம, கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தேன். சார் வந்து இடி இடின்னு இடிச்சார். 'நீங்க செஞ்ச வாட்ச், நீங்கதான் பார்க்கணும்'னு ஒரே சண்டை. அன்னிக்குத்தான் திரும்ப இந்த மேஜையில உட்கார்ந்தேன். அதுல இருந்து மாசாமாசம் வர்றார். எதையாவது பேசிக்கிட்டு இருப்போம்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"சொன்னா வரமாட்டாரேம்மா!"

வீட்டு வாசலிலேயே காத்திருந்தார் வாத்தியார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன... என்ன சொன்னார்?"

அவள் வாட்சை அவர் கையில் கட்டிவிட்டாள். முகத்தை மட்டும் கடுகடுவென்றே வைத்துக்கொண்டாள்.

"ரொம்ப மோசமான வாட்சாம். மாசத்துக்கு ஒரு தடவை பத்தாதாம். இனிமே வாராவாரம், ரெண்டு பேருமா கொண்டு வரணுமாம்!"