திரும்பிப் பார்க்கும் வாத்து

டெக்ஸிலாஸ் சிலையின் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை.

நான் தூரிகை கழுவுகிற சாக்கில் பக்கத்திலேயே நின்றேன். அவர் சொல்லப்போகும் சொல்லில்தான் என் கல்யாணம் இருந்தது.

"வேட்டைத் தேவி அர்த்தெமிஸ் சிலை நல்லா வந்தா என் பொண்ணு மெலித்தா உனக்கு. இல்லேன்னா அடுத்த கப்பல்ல ஏறிடு" என்று அறுவடையின்போதே சொல்லியிருந்தார். பாரோஸ் தீவிலேயே பெரிய சிற்பி. சொன்ன சொல் மாறமாட்டார். அதுதான் பயம்.

அவர் செதுக்கி முடித்தபோது தேவி வெள்ளைவெளேரென்று நின்றாள். வண்ணம் தீட்டுவது என் வேலை. "சீக்காளி மாதிரி நிக்கிறா, சீக்கிரம் அவளுக்கு ரத்தம் ஊத்துடா" என்று பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கேலி செய்தார்கள்.

ஊற்றினேன். செம்பட்டை முடி, சிவந்த உதடு, குங்குமப்பூ நிற மேலாடை. கன்னத்தில் தேன்மெழுகு தேய்த்ததும் மான் துரத்தி இப்போதுதான் ஓடிவந்தவள் போல ஆகிவிட்டாள். எனக்கே கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

ஆடையின் கரைதான் என்னைப் படாதபாடு படுத்தியது. நீல வாத்துகளின் வரிசை. வரைவேன், சுரண்டுவேன், மறுபடி வரைவேன். பிறகு போன வாரம் எப்படியோ அமைந்துவிட்டது.

டெக்ஸிலாஸ் முகத்தைப் பார்க்கவே இல்லை. கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முகத்தை எவன் வேணா எழுதுவான். இதைப் பாரு. மடிப்புல பாதி வாத்து ஒளிஞ்சு, அந்தப் பக்கம் மூக்கை நீட்டுது. துணி இப்படித்தான்டா விழும். இந்தக் கை என் வீட்டை விட்டுப் போகவே கூடாது!"

கழுவின தூரிகையையே நான் மறுபடி கழுவினேன்.

பார்லி அப்பத்தோடு தேவிக்குப் படைக்க வந்த அவர் மனைவி கிளெய்டோ குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் தேவியின் உதட்டைவிடச் சிவந்திருந்தது.

"ஏண்டா, கடைசி வாத்து திரும்பிப் பாக்குதே, அது என் பொண்ணு தறியில மட்டும்தான் இருக்கு. அவ கல்யாணத் துணி அது. மாடிக்கு எப்படா ஏறுனே?"

வீட்டு முற்றத்தில்தான் பட்டறை; மேலே இருந்த மாடி பெண்களுடையது. தாய்மாமனே படிக்கட்டின் கீழே நின்று இருமிவிட்டுத்தான் பேசுவார். அந்நிய ஆண் ஏறினான் என்றால் அவனை அடித்துப் போட்டாலும் ஊர் ஏனென்று கேட்காது.

டெக்ஸிலாஸின் கை சுத்தியலைத் தேடியது.

ஏறினேன் என்றால் தலை போகும். ஏறவில்லை என்று சொல்லி உண்மையை விளக்கினால் பெண் போய்விடும்.

மாடி ஜன்னலிலிருந்து சிரிப்பு கேட்டது. மெலித்தா இடுப்பளவு வெளியே சாய்ந்து நின்றாள். கல்யாணமாகாத பெண் செய்யக்கூடாத காரியம் அது.

"அவரை விடுங்கப்பா. அவர் ஏறல, நான்தான் இறங்கினேன். நீங்க கல்லு பாக்க மலைக்குப் போயிருந்தீங்க, அம்மா சுமங்கலிப் பொம்பளைங்க திருவிழாவுக்குப் போயிருந்தாங்க. இவரு வாத்தையெல்லாம் செவுத்துல வரையிற மாதிரி வரிசையா நிக்க வெச்சிருந்தார். பாக்கச் சகிக்கல."

கையை நீட்டிக் காட்டினாள். நகக்கண்ணில் நீலம் இன்னும் போகவில்லை. நூலுக்குப் போட்ட சாயம் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாளாம்.

டெக்ஸிலாஸ் அந்தக் கையைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். கடைசியில், வேறு வழியில்லாமல், என்னையும் பார்த்தார்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"ஏண்டா, வீட்டோட மாப்பிள்ளையா இருந்துடுறியா?"

நான் தலையாட்டுவதற்குள் மாடியிலிருந்து பதில் வந்தது.

"இருப்பார்!"