பத்தொன்பது வயதுப் படம்

“இந்த நரை முழுக்கக் கறுக்க வேணும் தம்பி. கழுத்துச் சுருக்கமும் தெரியப்படாது.”

புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பக்கத்து ஸ்டூடியோவில், சுவர்க் கண்ணாடிக்கு முன்னால் நின்றபடி கமலாட்சி சொன்னார். அறுபதை எட்டிப் பிடிக்கப்போகிற வயது அவருக்கு.

ஸ்டூடியோக்காரன் செந்தூரன் சிரித்தான். “அதுக்கென்னம்மா, கொம்பியூட்டரில எல்லாம் செய்யலாம். எத்தினை வயசுக்கு இறக்கிறது?”

“பத்தொன்பது. நாளைக்குக் காலமை நாலு பேருக்கு முன்னால பிடிக்கிற படம். பிழை வரக் கூடாது.”

கதிரையில் காத்திருந்த சுரேகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பாஸ்போர்ட் படம் எடுக்க வந்து, இவ்வளவு நேரமும் அதே கண்ணாடியில் பவுடரைப் பூசிப் பூசித் துடைத்தவள்தான் அவள். அதனாலென்ன, அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க அது ஒரு தடையா? சிநேகிதிகளுக்கு அனுப்பவென்று சத்தமில்லாமல் கைபேசியை உயர்த்தி வீடியோ எடுக்கத் தொடங்கினாள்.

கமலாட்சி அதைக் கண்ணாடியில் கண்டார். முகத்தை இடமும் வலமும் திருப்பினார், நாடியைத் தூக்கிப் பார்த்தார். சீப்பையும் பவுடர் டப்பாவையும் தொடவேயில்லை.

படம் எடுத்தாயிற்று. திரையில் நரை போனது, சுருக்கங்கள் போயின. கமலாட்சி பக்கத்தில் ஒரு வாங்கை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ரெட்டைப் பின்னல் போடுங்கோ. இடது கன்னத்தில ஒரு மச்சம் வையுங்கோ.”

“உங்களுக்கு மச்சமே இல்லையேம்மா?”

“வையுங்கோவன் தம்பி.”

“ஐயோ, மச்சமும் வேணுமாம்!” சுரேகா அவர் காதுபடவே சொன்னாள். “மாப்பிள்ளை ஆரண்ணா?”

செந்தூரனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கமலாட்சி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“பெரிசா அடிச்சு மட்டையில ஒட்டித் தாங்கோ. மழை வெயிலுக்குப் பழுதாகாமல் பிளாஸ்டிக்கும் போட வேணும்.”

“வீட்டுக்குள்ள மாட்டுற படத்துக்கு என்னம்மா மழையும் வெயிலும்?”

கமலாட்சி வாங்கைத் திரைக்கு இன்னும் கிட்டவாக நகர்த்தினார். செந்தூரன் கடைசியாக நிறத்தைச் சரிசெய்து, திரையை அவர் பக்கம் திருப்பினான்.

“இப்ப பாருங்கோ. குமர்ப்பிள்ளை மாதிரி இருக்கிறியள்!”

கமலாட்சி பார்த்தார். எழுந்து கண்ணாடியிடம் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“கண் இப்பிடி இல்லை.”

“எப்பிடி மாத்துறது? பெரிசாக்கவோ, சின்னனாக்கவோ? சொல்லுங்கோ, செய்யிறன்.”

கமலாட்சி சொல்லத்தான் வாயைத் திறந்தார். கண்ணை இறுக்கி மூடி யோசித்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். பார்க்கவே பாவமாக இருந்தது.

“தெரியேல்லைத் தம்பி. விடுங்கோ. இருக்கட்டும்.”

சுரேகாவின் கைபேசி இன்னும் இறங்கவில்லை.

“சரி, கீழ பேர் போடவோ? கமலாட்சி எண்டுதானே?”

“இல்லை. ரஜிதா எண்டு போடுங்கோ.”

“அது ஆர்?”

“என்ர மகள். கடைசிச் சண்டையில காணாமல் போனவள். காணாமல் போனவையைத் தேடிப் போராடுற பந்தலில தாய்மார் எல்லாரும் பிள்ளையளின்ர படத்தைப் பிடிச்சுக்கொண்டு இருக்கினம், நான் மட்டும் வெறுங்கையோட. இருந்த ஆல்பத்தையும் ஷெல்லடிக்குப் பதுங்கின பங்கருக்குள்ள விட்டிட்டு ஓடினனாங்கள்.”

சுரேகாவின் கை தானாகக் கீழே இறங்கியது. செந்தூரன் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அதுக்கு ஏனம்மா உங்கட படம்?”

“அவள் என்னை உரிச்சு வச்ச மாதிரி எண்டு எல்லாரும் சொல்லுவினம்.” கமலாட்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “எனக்குத்தான் அவளின்ர முகம் மறந்து போச்சு, தம்பி.”