பத்தொன்பது கிலோ மிளகு

ரேஸ் காரில் ஒரே ஒரு சீட். ஓட்டுபவரின் எடை அதில் இருக்கும்போதுதான் நான்கு சக்கரங்களுக்கும் பாரத்தைச் சமப்படுத்த முடியும். அர்த்தனாரி எழுபத்தொரு கிலோ. ஸ்பிரிங் நட்டைத் திருக அவர் வெளியே நிற்க வேண்டும் என்பதால், பழைய காரில் மனைவி சுமித்ராதான் உட்காருவார். சுமித்ரா ஐம்பத்திரண்டு கிலோ. மடியில் பத்தொன்பது கிலோ மிளகு மூட்டை. சரியாகிவிடும்.

தை மாதம் சுமித்ரா இறந்துபோனார். புதுக் கார் வைகாசியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூரில் அதற்கு முதல் ரேஸ்.

மலைமேல் குண்டூர் நாட்டில் இருந்த தன் ஷெட்டில், அர்த்தனாரி சக்கரங்களின் கீழே தராசுகளை வைத்தார். வெறும் கார் நானூற்றுப் பத்து கிலோ. மிளகு மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு, மீதி எடைக்குக் கல் எடுக்கத் திரும்பினார். தராசுகளின் மீட்டர் மொத்தம் நானூற்று எண்பத்தொன்று காட்டியது. மூட்டையை எடுத்துப் பார்த்தார். அப்போதும் ஐம்பத்திரண்டு கிலோ கூடுதலாக இருந்தது. மூட்டையைத் திரும்ப அதே இடத்தில் மெதுவாக வைத்தார்.

பக்கத்துத் தோட்டத்துப் பொன்னாயி வாசலில் வந்து நின்றார். "ஏனுங்கண்ணா, தனியா சிரமப்படறீங்களே. நான் வேணா உக்காரட்டுங்களா?"

"வேண்டாங்க. ஆச்சு."

பொன்னாயி போனதும் ஸ்பேனரோடு குனிந்தார். மீட்டரின் கடைசி எண் மாறிக்கொண்டே இருந்தது.

"கொஞ்சம் அசையாம இரு கண்ணு," என்றார்.

எண் நின்றது.